காசநோய்ப் பேரேடு

சானட்டோரியம் காலத்தில் காசநோயாளி எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ஆள் கட்டிலில் இருந்தார். 1928இல் டாக்டர் சவ்ரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானட்டோரியம் பிற்பாடு ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது. அந்த மாதிரி இடத்தில் காலையில் நர்ஸ் ஒரு சுற்று வந்தால் போதும். யாருக்குக் காய்ச்சல், யார் கஞ்சியைத் தொடவில்லை, எந்தக் கட்டில் காலி என்பதெல்லாம் தெரிந்துவிடும். கால்மாட்டில் தொங்கும் சார்ட் நினைவுக்கு ஒரு துணை, அவ்வளவுதான். ஆள் எதிரிலேயே படுத்திருக்கும்போது ஆளைப் பற்றிய காகிதத்துக்குப் பெரிய வேலை இல்லை.

காகிதத்துக்கு வேலை வந்தது சேத்துப்பட்டில். 1956இல் அங்கே காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நான்கு தரப்பு சேர்ந்து நடத்திய முயற்சி. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ ஆயிரக்கணக்கில். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானட்டோரியத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டுக்கே திரும்பினார்கள். இரு குழுவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் குணமானதில் பெரிய குறைவில்லை. அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. உலகம் முழுக்க சானட்டோரியங்கள் மூடப்பட்டதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்குண்டு.

கட்டில் தேவையில்லை என்ற முடிவுதான் புகழ்பெற்றது. கட்டிலுக்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நர்ஸ்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய்ப் புட்டியில் மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதினார்கள். வார்டில் நர்ஸின் கண் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை வெளியே நடப்பும் எழுத்துமாகச் செய்ய வேண்டியிருந்தது. வீட்டுச் சிகிச்சை மலிவானது என்று சொல்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆராய்ச்சி மையத்தால் முடிந்தது நாட்டால் முடியவில்லை. 1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சிகிச்சை அட்டை. மாத்திரை வாங்க நோயாளி வராவிட்டால் அட்டை பெட்டியிலேயே கிடக்கும். போய்க் கூப்பிட ஆளில்லை. 1992இல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, ஆட்கள்தான் இல்லை.

இதற்கிடையே கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு பேரேடு பிறந்திருந்தது. கரெல் ஸ்டிப்லோ என்ற செக் மருத்துவர் இளமையில் நாஜிக்களின் வதைமுகாமில் காசநோய் வாங்கி, பிழைத்து, வாழ்நாளை அந்த நோய்க்கே கொடுத்தவர். நெதர்லாந்தில் குடியேறிய அவர், 1970களின் பிற்பகுதியில் தான்சானியாவின் தேசிய காசநோய், தொழுநோய்த் திட்டத்தை உருவாக்க உதவினார். மருந்தைப் பொறுத்தவரை அவர் பெரிதாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு வைக்கும் முறையைத்தான் கண்டுபிடித்தார் என்பேன். ஒரு மாவட்டத்தில் மூன்று மாதத்துக்குள் பதிவான எல்லாரையும் ஒரு கூட்டமாகக் கட்டிவைப்பது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் விடாமல் கடைசியில் என்ன ஆனார்கள் என்று சொல்லவைப்பது. குணமானார், சிகிச்சை முடித்தார், இறந்தார், பலனில்லை, பாதியில் நின்றார், வேறிடம் மாற்றப்பட்டார். இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் ஒவ்வொரு பெயரும் போய் விழ வேண்டும். ‘தெரியாது’ என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடி என்று அறிவித்தது. ஸ்டிப்லோவின் முறை ‘டாட்ஸ்’ என்ற பெயரில் நாடு நாடாகப் போனது. இந்தியாவில் 1997 மார்ச்சில் திருத்தப்பட்ட தேசியத் திட்டமாக முறைப்படி தொடங்கி, 2006இல் நாடு முழுவதையும் எட்டியது. ஆளுக்கு ஒரு மருந்துப் பெட்டி; முதன்முறை நோயாளிக்குச் சிவப்பு, மறுசிகிச்சைக்கு நீலம். பெட்டியின் மேல் நோயாளியின் பெயர். முழுச் சிகிச்சைக்கான மருந்தும் முதல் நாளே அவர் பெயரில் ஒதுக்கப்பட்டுவிடும்.

அந்தக் காலத்து டி.பி. ரிஜிஸ்டரை விரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அகலம் மறக்காது. ஒரு நோயாளிக்கு ஒரு வரி. அந்த வரி இடப்பக்கத்தில் தொடங்கி மடிப்பைத் தாண்டி வலப்பக்கம் முழுக்க ஓடும். டி.பி. நம்பர், பெயர், வயது, விலாசம், மருந்து கொடுக்கும் இடம், நோயின் வகை. அப்புறம் சளிப் பரிசோதனைக் கட்டங்கள்: ஆரம்பத்தில் ஒன்று, தீவிரக் கட்டம் முடிந்ததும் ஒன்று, இடையில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஆய்வக ரிஜிஸ்டரில் கிருமி தெரிந்த முடிவைச் சிவப்பு மையில்தான் எழுத வேண்டும் என்பது விதி. சில கிருமிகள் மட்டும் என்றால் ‘ஸ்கேன்ட்டி’, அப்புறம் 1+, 2+, 3+. பக்கத்தைப் புரட்டும்போதே சிவப்பு கண்ணில் குத்தும். எஸ்.டி.எஸ். என்று அழைக்கப்படும் சிகிச்சை மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், அட்டைகளைப் பார்த்து இந்த ரிஜிஸ்டரை நிரப்புவார். கண்ணெதிரே மாத்திரை விழுங்கினால் அட்டையில் ஒரு குறி. வராத நாளுக்கு ஒரு வட்டம்.

இது நல்ல பேரேடு. கணினி வந்த பிறகு காகிதத்தைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் கோடிக்கணக்கான பேருக்குச் சிகிச்சை முடிந்ததா என்று கேட்டுப் பதில் வாங்கிய காகிதம் இது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது: பேரேடு எப்போதும் மேலே பார்த்தபடியே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிகளைக் கூட்டி, படிவத்தில் எண்ணாக்கி, மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் டெல்லிக்கும் அனுப்ப வேண்டும். பெயர்கள் ஊரிலேயே தங்கிவிடும். எண்கள் மட்டும் பயணம் போகும். ஒரு காலாண்டில் பதிவானவர்களின் இறுதி நிலை மேலே போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். ஜனவரியில் பதிவாகி பிப்ரவரியில் இறந்தவர், அடுத்த ஆண்டின் ஏதோ ஓர் அறிக்கையில் ஒரு சதவீதத்தின் சிறு துணுக்காகத் தெரிவார். அதை வைத்துத் திட்டத்தை மதிப்பிடலாம். அந்த ஆளை ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணுக்கு இலக்கும் இருந்தது: பதிவானவர்களில் 85 சதவீதம் குணமாக வேண்டும். இலக்கு இருக்கும் இடத்தில் வாசலில் ஆள் பார்த்து உள்ளே விடும் பழக்கமும் வந்துவிடும். டெல்லியில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சொன்னது. நிலையான விலாசம் இல்லாதவர், கூலிவேலைக்கு அலைபவர், பாதியில் நின்றுவிடக்கூடியவர் என்று ஊழியர்கள் கருதியவர்களை டாட்ஸில் சேர்க்காமல் வேறு சிகிச்சைக்குத் தள்ளியிருந்தார்கள். ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது.

இன்னொரு ஓட்டை இரண்டு ரிஜிஸ்டர்களுக்கு நடுவே. ஆய்வக ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஒரு பெயர் ஏறுகிறது. அந்த ஆள் ரிசல்ட் வாங்க வரவேயில்லை. அல்லது வாங்கிக்கொண்டு, வெளியூர்க்காரர் என்பதால், ‘உங்க ஊர் பி.எச்.சி.யில காட்டுங்க’ என்ற சீட்டோடு போய்விடுகிறார். சிகிச்சை தொடங்கினால்தான் டி.பி. ரிஜிஸ்டரில் பெயர் ஏறும். தொடங்காதவர் அங்கே இல்லை. ஆகவே ‘பாதியில் நின்றவர்’ பட்டியலிலும் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் இப்படி நழுவியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வுகளும் காட்டின. ஆறு முடிவில் எதிலும் சேராத ஏழாவது கூட்டம் அது.

எட்டாவது கூட்டம் இன்னும் பெரியது: தனியார் மருத்துவரிடம் போனவர்கள். இருமல் வந்தால் நம் ஆட்கள் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். அங்கே எழுதிக்கொடுக்கும் சீட்டு மருந்துக்கடையோடு முடிந்துவிடும். 2012 மே மாதம் மத்திய அரசு, காசநோயைக் கண்டறியும் எந்த மருத்துவரும் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று ஆணை போட்டது. அதே ஆண்டில் தேசிய தகவல் மையம் கட்டமைத்த ‘நிக்ஷய்’ என்ற இணையப் பேரேடும் வந்தது. பெயர், எண்ணாகச் சுருங்காமல் பெயராகவே டெல்லி வரை போனது அதில்தான் முதல்தடவை.

தொடக்க ஆண்டுகளில் நிக்ஷய் களத்து ஊழியருக்குக் கூடுதல் சுமையாகவே இருந்தது. அட்டையில் எழுது, ரிஜிஸ்டரில் எழுது, மாதக் கடைசியில் நெட் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து அதையே மறுபடி தட்டு. காகிதத்திலிருந்து பார்த்து அடிப்பதால் காகிதத்தின் தாமதமும் பிழையும் அப்படியே கணினிக்குள் போயின. பழைய வேலைக்குப் புதுப் பெட்டி வாங்கியதுதான் மிச்சம் என்று களத்தில் அலுத்துக்கொண்டவர்கள் பொய் சொல்லவில்லை.

மாற்றம் வந்தது 2018இல். அந்த ஏப்ரலில் காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும் திட்டம் தொடங்கியது. நிக்ஷயில் பெயர் இருந்தால்தான் பணம். அதற்கு முந்தைய மாதம், நோயாளியைத் தெரிவிக்காத மருத்துவர் மீது தண்டனைச் சட்டம் பாயலாம் என்று அரசிதழில் அறிவிப்பு வந்திருந்தது. தெரிவிக்கும் தனியார் மருத்துவருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500 என்று ஊக்கத்தொகையும் உண்டு. பிரம்பும் வெல்லமும் ஒரே கையில். அதே ஆண்டு நிக்ஷயின் புது வடிவம் வந்தது. சந்தேகத்தின் பேரில் சளி கொடுக்கும்போதே ஆளுக்கு ஓர் ஐ.டி.; அரசுக்கும் தனியாருக்கும் ஒரே பேரேடு; கைப்பேசியிலேயே பதிவு. ஆய்வகத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே இருந்த அந்தப் பள்ளம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. திருப்பூரில் சிகிச்சை தொடங்கிய தொழிலாளி தீபாவளிக்கு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால், தபாலில் மாற்றுக் கடிதம் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய வரியையே அந்த ஊருக்கு அனுப்பலாம்.

எண்கள் எகிறின. 2012இல் நாடு முழுக்கத் தனியார் துறை தெரிவித்தது சில ஆயிரம் பேரைத்தான். 2023இல் மொத்தம் சுமார் 25.5 லட்சம் பேர் பதிவானார்கள்; அதில் தனியார் வழியாக வந்தவர்கள் 8.4 லட்சம். நோய் திடீரென்று பெருகிவிடவில்லை. இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள்.

பணம் நுழைந்ததும் பேரேட்டின் குணமும் மாறியது. இப்போது ஒரு வரியைத் திறந்தால் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் இருக்கும். கணக்கே இல்லாத நோயாளி, ஆதாரில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் வேறு எழுத்துமாகப் பெயர் உள்ள நோயாளி, இயக்கம் நின்றுபோன கணக்கை வைத்திருக்கும் பாட்டி எல்லாரும் மேற்பார்வையாளரின் தலைவலியானார்கள். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் காட்டி இரண்டு ஐ.டி. வாங்கினால், அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதும் தனி வேலை. மாத்திரை தரும் நேரத்தைவிட வங்கி விவரம் கேட்கும் நேரம் அதிகமென்று புலம்பாத களப்பணியாளரைக் காண்பது அரிது. இருந்தாலும் பணத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2024 நவம்பரிலிருந்து அது மாதம் 1,000 ரூபாய். பேரேடு நோயாளியின் கைக்குத் திரும்பக் கொடுத்த முதல் பொருள் அது.

நடுவில் ஒரு கிளைக்கதை. மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்க ஆளுக்குப் பதில் போன் போதும் என்று ஒரு யோசனை. ‘99 டாட்ஸ்’ என்ற முறையில் மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு தாள் உறை. மாத்திரையைப் பிதுக்கினால் உள்ளே ஒரு தொலைபேசி எண் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால். பெங்களூரில் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடத்தில் முளைத்த இந்தச் சாமர்த்தியம் நிக்ஷயோடும் இணைந்தது. பிறகு சென்னையிலும் வேறு நகரங்களிலும் ஆய்வாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் சோதித்தார்கள். விழுங்கியும் கால் பண்ணாதவர்கள் நிறையப் பேர். கால் பண்ணியும் விழுங்காதவர்களும் உண்டு. போன் சொன்னதைச் சரிபார்க்க, அறுபது வருடத்துக்கு முந்தைய சேத்துப்பட்டு வித்தைதான் தேவைப்பட்டது.

என் கணக்கில் இந்தப் பேரேட்டின் மிகப் பெரிய திருப்பம் இவை எதுவுமல்ல. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’தான் அது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வகுத்தது. கணக்கைக் கிளறியபோது கண்ணில் பட்டது இது: காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். மருந்து கையில் இருக்கிறது, விழுங்கவும் செய்கிறார்கள். ஆனால் உடம்பில் அதைத் தாங்கும் தெம்பில்லை. ஆறு மாதம் கழித்துக் ‘குணமானாரா’ என்று கேட்கும் பேரேட்டால் இவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே, நோய் உறுதியான அன்றைக்கே ஒரே ஒரு தாள். ஐந்து சங்கதி பார்க்க வேண்டும். உயரமும் எடையும் எடுத்து உடல் நிறை எண். கணுக்காலில் விரலால் அழுத்திப் பார்த்தால் குழி விழுகிறதா. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் எத்தனை காட்டுகிறது. ஐந்தாவதுக்குக் கருவியே வேண்டாம். “ஐயா, எதையும் பிடிக்காம எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்” என்று நர்ஸ் சொல்வார். நிற்க முடிகிறதா, இல்லையா. உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழே, அல்லது கால் வீக்கத்தோடு 16 வரை. மூச்சு 24க்கு மேல். ஆக்ஸிஜன் 94க்குக் கீழே. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனைக்கு அனுப்பி, முழுதாகப் பரிசோதித்து, படுக்கையில் சேர்க்க வேண்டும்.

இவர்களைப் பின்தொடர ‘டி.பி. சேவா’ என்ற தனி இணையச் செயலி. ஆள் எப்போது அனுப்பப்பட்டார், போய்ச் சேர்ந்தாரா, படுக்கை கிடைத்ததா என்பது அதில் ஏறும். மாவட்ட அதிகாரி அதைக் காலாண்டு முடியும் வரை காத்திருக்காமல் பார்க்கலாம். எக்ஸ்ரேயோ உயர்ந்த ரத்தப் பரிசோதனையோ கேட்காத இந்த ஐந்து கேள்வியை எந்தக் கிராமத்து சுகாதார நிலையத்திலும் கேட்டுவிட முடியும் என்பதுதான் இதன் அழகு. தொடங்கிய சில மாதங்களிலேயே ஆரம்பகட்ட இறப்பு சுமார் 20 சதவீதம் குறைந்தது. சேத்துப்பட்டு வேண்டாமென்ற கட்டிலுக்கே சிலரைத் திருப்பி அனுப்பியதால் கிடைத்த பலன் இது. எல்லாருக்கும் கட்டில் தேவையில்லை என்பது எவ்வளவு உண்மையோ, சிலருக்கு ஒரு வாரமாவது தேவை என்பதும் அவ்வளவு உண்மை. அந்தச் சிலர் யார் என்று அன்றைக்கே சொல்ல ஒரு பேரேடு வேண்டியிருந்தது.

2025இல் அந்தச் செயலிக்குக் கணிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 2022 ஜூலை முதல் ஓராண்டில் அரசு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட சுமார் 56,000 நோயாளிகளின் விவரங்களை வைத்து உருவாக்கிய மாதிரி அது. கடுமையாக நோயுற்றவர் என்றால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். 10 முதல் 50 வரை. மற்றவர்களுக்கு அது 1 முதல் 4 வரைதான். இப்படி ஓர் எண்ணைக் காட்டுவது நர்ஸைப் பயமுறுத்தவா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம். நோய் உறுதியானதிலிருந்து படுக்கையில் சேர சராசரியாக ஒரு நாள் ஆகிறது. ஆனால் கால்வாசிப் பேருக்கு இரண்டு முதல் ஆறு நாள் வரை இழுக்கிறது. ‘நாளைக்குப் பையன் வந்ததும் கூட்டிட்டுப் போறோம்’ என்று சொல்லும் வீட்டாரிடம் ‘இன்னைக்கே’ என்று அழுத்திச் சொல்ல, பொதுவான எச்சரிக்கையைவிட நாற்பது சதவீதம் என்ற எண் நர்ஸுக்குக் கைகொடுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இந்த ஐந்து கேள்வி அரசு மருத்துவமனைக்கு வந்தவரிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. தனியாரில் கண்டறியப்பட்டவருக்கு நிக்ஷயில் பெயர் உண்டு, ஐ.டி. உண்டு, மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்க ஆளில்லை. கேட்கும் இடத்திலும் ஒரே நோயாளியை நர்ஸ் தாளில் ஒருமுறை, நிக்ஷயில் ஒருமுறை, கடுமையானவர் என்றால் சேவாவில் இன்னொருமுறை ஏற்றுகிறார். மூன்றையும் ஒன்றாக்கினால் மிச்சமாகும் நேரத்தில் இன்னும் நாலு பேரின் மூச்சை நிதானமாக ஒரு முழு நிமிடம் எண்ணலாம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற பழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. 22க்கும் 26க்கும் நடுவே இருப்பவரை அந்தப் பெருக்கல் எந்தப் பக்கமும் தள்ளிவிடும்.